இரயிலில் எல்லை தாண்டும்போது

சேர்வராயன் மலையிலுள்ள மஞ்சக்குட்டைக்கு இரயில் வருவதில்லை. இரயிலைப் பார்க்க வேண்டுமானால் ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் சந்திப்புக்குப் போக வேண்டும். ஆயினும் இரயிலைப் பற்றிய ஒரு நல்ல கேள்வி அவ்வூரிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது. கேட்டவர் ஒன்பதாம் வகுப்பு மாணவர். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் ஒரு மாலை, தோட்டத்து வீடுகளின் முன்னே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

அவருடைய தாய்மாமன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். அவர் கொலோன் நகரில் இரயில் ஏறி, பெல்ஜியத்தைக் கடந்து, அன்று பகலிலேயே பாரிசில் இறங்கியிருக்கிறார். மூன்று நாடுகள், கடவுச்சீட்டை யாரும் கேட்கவில்லை. பாரிசிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டபோதோ, வண்டியில் கால் வைக்கும் முன்பே இருமுறை கேட்டார்கள். வேறொரு முறை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் நகருக்குத் திரும்பும்போது, பிரைலாசிங் என்னும் சிறு நிலையத்தில் வண்டி நின்றது. காவலர்கள் பெட்டி பெட்டியாக ஏறிச் சீட்டைப் பார்த்தார்கள்.

"ஒரே ஆள், ஒரே பாஸ்போர்ட். ஒரு இடத்துல கேக்கல, ஒரு இடத்துல ஏறுறதுக்கு முன்னாடி கேக்கறாங்க, ஒரு இடத்துல நடுவழியில கேக்கறாங்க. எது சார் சரி?" என்பது மாணவரின் கேள்வி.

விடை சொல்ல நாம் வாயெடுக்கும் முன் பக்கத்து வீட்டு மூதாட்டி முந்திக்கொண்டார். "எங்களுக்கு ரெண்டு தடவை கேட்டாங்க கண்ணு. கப்பல் ஏற முன்ன தலைமன்னார்ல ஒருக்கா, எறங்கினதும் ராமேஸ்வரத்துல ஒருக்கா. அதுக்கப்புறம் யாரும் என்னைய பாஸ்போர்ட் கேட்டதில்ல."

அந்த இரண்டு தடவை என்பதில்தான் விடையின் தொடக்கம் இருக்கிறது.

ஏன் இரண்டு முறை?

எல்லை என்பது ஒரு கோடு. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை என்று வடிவ கணிதத்தில் படித்திருக்கிறோம். கோட்டின் இப்புறம் ஒரு நாட்டின் சட்டம், அப்புறம் மற்றொன்றின் சட்டம். ஆகவே எல்லையைத் தாண்டுபவர் உண்மையில் இரண்டு செயல்களைச் செய்கிறார்: ஒரு நாட்டை விட்டு வெளியேறுகிறார், மற்றொன்றினுள் நுழைகிறார். முன்னதை ஒரு நாட்டு அதிகாரியும், பின்னதை மறுநாட்டு அதிகாரியும் பார்க்கிறார்கள். கடவுச்சீட்டு என்பதும் அடிப்படையில் ஒரு கடிதமே. 'இதைக் கொண்டுவருபவர் எங்கள் நாட்டவர். தடையின்றிச் செல்ல விடுங்கள்' என்று ஓர் அரசு மற்ற அரசுகளைக் கேட்டுக்கொள்ளும் கடிதம். நம் நாட்டுச் சீட்டில் அந்த வேண்டுகோள் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிடப்பட்டிருக்கும்.

கப்பலிலும் விமானத்திலும் இந்த இரு சோதனைகளால் பெரிய தொல்லை இல்லை. துறைமுகமோ விமான நிலையமோ ஒரு குடுவையின் கழுத்தைப் போன்றது. எல்லாரும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். இரயில் அப்படியன்று. அது வழியெல்லாம் நின்று ஆட்களை ஏற்றியும் இறக்கியும் செல்கிறது. எல்லைக் கோட்டுக்கு இப்பால் பத்து நிலையம், அப்பால் பத்து நிலையம். உள்ளூரிலேயே ஏறி உள்ளூரிலேயே இறங்குபவரும் அதே பெட்டியில்தான் இருப்பார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் 600 பேர். ஒருவரைச் சோதிக்க ஒரு நிமிடம். அதிகாரிகள் நால்வர். எல்லாரையும் பார்த்து முடிக்க 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம் ஆகும். மறுநாட்டு அதிகாரிகளும் அதே போல் செய்தால் ஐந்து மணி நேரம்! பெட்டி படுக்கைகளைத் திறந்து பார்க்கும் சுங்கச் சோதனை இதில் சேரவில்லை. வண்டி எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன, எல்லையில் அதன் வேகம் சுழியம்.

நமது கணக்கு வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2008 ஏப்ரல் 14 அன்று கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே மைத்ரீ விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. நம் பக்கத்தில் கேதே, வங்கதேசத்துப் பக்கத்தில் தர்சனா என இரு எல்லை நிலையங்களிலும் பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி ஏற வேண்டியிருந்தது. பயண நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே போயிற்று. 2017 நவம்பரில் முறையை மாற்றினார்கள். சோதனை முழுவதும் கொல்கத்தா, டாக்கா ஆகிய இரு முனை நிலையங்களுக்குப் போய்விட்டது. இடையில் யாரும் ஏறவோ இறங்கவோ முடியாது. பூட்டிய பெட்டியைப் போல் வண்டி எல்லையைத் தாண்டியது. தண்டவாளம் அதே, தூரமும் அதே. ஆயினும் சில மணி நேரம் மிச்சமாயிற்று. (2024 ஜூலையில் அந்த வண்டி நின்றுபோனது. அதற்குக் காரணம் அரசியல்.)

ஆக, எல்லைக் கோடு நகராது. ஆனால் சோதனை நடக்கும் இடத்தை நகர்த்தலாம். மாமா கண்ட மூன்று காட்சிகளும் இந்த ஒரு செய்தியின் மூன்று வடிவங்களே.

ஐரோப்பாவில் நடந்தது

முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டே இல்லாமல் இரயிலில் நாடு விட்டு நாடு போகலாம் என்றால் இன்று பலர் நம்ப மாட்டார்கள். 1914இல் போர் மூண்டதும், ஒற்றர்களுக்கு அஞ்சி ஒவ்வொரு நாடும் சீட்டுக் கேட்கத் தொடங்கியது. போர் முடிந்ததும் இப்பழக்கம் போய்விடும் என்று நினைத்தார்கள், போகவில்லை. 1920இல் பாரிசில் கூடிய மாநாடு, சீட்டு எந்த அளவில், எத்தகைய புத்தகமாக இருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்ததோடு நின்றது. இந்தியாவிலும் அதே 1920இல்தான் நாட்டுக்குள் நுழையச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது.

அதன்பின் ஐரோப்பிய இரயில்களில் ஒரு வழக்கம் நிலைத்தது. ஒரு நாட்டின் கடைசி நிலையத்தில் அதிகாரிகள் வண்டியில் ஏறுவார்கள். ஓடும் வண்டியிலேயே சீட்டுகளைப் பார்த்து முத்திரை குத்திவிட்டு, மறுநாட்டின் முதல் நிலையத்தில் இறங்கி எதிர் வண்டியில் வீடு திரும்புவார்கள். இரவு வண்டிகளில் படுக்கைப் பெட்டிப் பணியாளர் மாலையிலேயே எல்லாருடைய சீட்டுகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, நள்ளிரவில் பயணிகளை எழுப்பாமல் தாமே காட்டிவிடுவதும் உண்டு. நாட்டின் பெயரால் தரப்பட்ட கடிதத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்!

1985 ஜூன் 14 அன்று ஒரு புதிய ஏற்பாடு தோன்றியது. லக்சம்பர்க் நாட்டில், மோசெல் ஆற்றங்கரையில், பிரான்சும் ஜெர்மனியும் லக்சம்பர்க்கும் சந்திக்கும் இடத்தருகே ஷெங்கன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. தங்களுக்கிடையே உள்ள எல்லைகளில் சோதனையைக் கைவிடுவது. அதற்கு ஈடாக, கூட்டத்தின் வெளி எல்லையில் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரே சோதனை செய்வது என்பதே அது. 1995 மார்ச் 26 முதல் ஏழு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் பல்கேரியா, ருமேனியா ஆகியவற்றின் நில எல்லைகளும் சேர்ந்ததோடு இக்கூட்டத்தில் 29 நாடுகள் உள்ளன.

மாமாவைக் கொலோனுக்கும் பாரிசுக்கும் இடையே எவரும் கேட்காததன் காரணம் இதுதான். அவர் விமானத்தில் முதன்முதல் ஜெர்மனியில் இறங்கியபோதே பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் சேர்த்துச் சோதனை முடிந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை என்பதால் சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாகாது. சோதனையைத்தான் எடுத்தார்களே தவிர, கையில் சீட்டு இருக்க வேண்டும் என்ற விதியை எடுக்கவில்லை. மேலும், ஆபத்து நேரும் என்று கருதினால் ஒரு நாடு தன் உள் எல்லையில் தற்காலிகமாகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று அதே உடன்படிக்கையில் இடமிருக்கிறது. 2015இல் அகதிகள் பெருந்திரளாக வந்தபோது ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி அவ்வாறு செய்தது. 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் அனைத்துக்கும் அதை விரித்தது. பிரைலாசிங்கில் வண்டி நின்றது இதனால்தான். 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு அரசாங்க அகராதியில் பொருள் சற்று நீளமானது.

அயல் மண்ணில் ஒரு வாயில்

பாரிஸ்–இலண்டன் பயணம் வேறு வகை. பிரிட்டன் ஷெங்கன் கூட்டத்தில் சேரவே இல்லை. வண்டியோ கடலடிச் சுரங்கத்தில் போகிறது. சுரங்கத்தின் நடுவில் நிறுத்திச் சோதிக்க முடியுமா? ஆகவே 1991இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. பின்னர் அதை இரயில் நிலையங்களுக்கும் விரிவாக்கின. அதன்படி பாரிஸ் நிலையத்துக்குள்ளேயே பிரெஞ்சு அதிகாரி வெளியேறும் சோதனையையும், சில அடி தள்ளிப் பிரிட்டிஷ் அதிகாரி நுழைவுச் சோதனையையும் செய்கிறார்கள். இலண்டன் நிலையத்தில் பிரெஞ்சு அதிகாரி அமர்ந்திருக்கிறார். இலண்டனில் போய் இறங்கியதும் நேரே தெருவுக்கு நடந்துவிடலாம். பிரிட்டனின் எல்லை, பயணியைப் பொறுத்தவரை, பாரிஸ் நகரின் நடுவே இருக்கிறது.

இம்முறை எவ்வளவு விந்தையாகப் போகக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. அங்கே தஞ்சோங் பகார் இரயில் நிலையம் சிங்கப்பூர் மண்ணில் இருந்தாலும் மலாயா இரயில்வேயின் உடைமையாக இருந்தது. சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாட்டு அதிகாரிகளும் அங்கேயே இருந்தனர். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை எல்லைக்கருகே உட்லண்ட்சுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா மாற்றவில்லை. விளைவு, வடக்கே போகும் பயணி தஞ்சோங் பகாரில் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', பிறகு வண்டியேறி, உட்லண்ட்சில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்'. வெளியேறும் முன்பே நுழைந்தாயிற்று! அந்த வழியில் கோலாலம்பூருக்குப் போய்வந்த நம்மவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். 2011 ஜூன் 30 அன்று பழைய நிலையம் மூடப்பட்டு, இரு சோதனைகளும் உட்லண்ட்சில் ஒன்றாயின.

ஆனால் அயல் மண்ணில் வாயில் அமைக்கும் இந்த உத்தி பாரிசில் பிறந்ததன்று. அதற்கு வெகு காலம் முன்பே நம் இராமநாதபுரம் கடற்கரையில் அது நடந்திருக்கிறது.

மண்டபம் முகாம்

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறுபவர் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து சுமார் 35 கி.மீ. கடலைக் கப்பலிலும், தலைமன்னார்த் துறையிலிருந்து மறுபடி இரயிலிலும் கொழும்பு சேர்ந்தார். ஒரே பயணச்சீட்டு போதும்.

ஆனால் எல்லாரும் அப்படி நேரே போய்விட முடியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் பாம்பனுக்கு முன்பே மண்டபத்தில் இறக்கப்பட்டனர். அங்கே இருந்தது இலங்கை அரசாங்கத்தின் முகாம். இந்திய மண், இலங்கை அதிகாரிகள், இலங்கை மருத்துவர்கள். துணிகள் கொதிநீராவியில் இடப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து தரப்பட்டது, சில நாட்கள் அங்கேயே தங்க வைக்கப்பட்டனர்.

இந்த 'சில நாட்கள்' என்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே உள்ள காலத்தை நோயரும்பு காலம் என்கிறோம். அக்காலத்தில் ஆளைப் பார்த்தால் நலமாகவே தோன்றும். எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க இயலாது. காத்திருந்து பார்ப்பது ஒன்றே வழி. பின்னாளில் எழுதப்பட்ட பன்னாட்டு விதிகள் இதற்குக் காலராவுக்கு 5 நாள், பிளேக்குக்கு 6 நாள் என வரையறுத்தன. ஐரோப்பாவின் பழைய துறைமுகங்களில் கணக்கு இன்றி 40 நாள் நிறுத்தி வைத்தார்கள். இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்ற பெயர் வந்தது.

ஆனால் காலராக் கிருமிக்கு முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற வேறுபாடு தெரியாது. நாள் கணக்கில் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் கூலிகள்தாம் என்பதை அறிவியலால் விளக்க முடியாது.

அத்தொழிலாளரிடம் கடவுச்சீட்டு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தரப்பட்டது எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு சிறு தகரத் தகடு. அதைப் பார்த்த மாத்திரத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள், வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். கடவுச்சீட்டு ஒருவர் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று சொல்கிறது. தகரம் அவர் எந்தத் துரையைச் சேர்ந்தவர் என்று சொன்னது.

1949 நவம்பர் முதல் இலங்கையின் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இன்றிப் போகவோ வரவோ முடியாது என்றாயிற்று. ஏற்கெனவே அங்கே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுச் சீட்டுக்கும் உரியவர் ஆகாமல் நின்றனர். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று. 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்தனர்.

நம் மூதாட்டி அந்த 5,25,000இல் ஒருவர். அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1973இல் கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் தந்த கடவுச்சீட்டுடன் தலைமன்னாருக்கு இரயிலேறினார். "அத அழுகைக் கோச்சின்னுதான் சொல்லுவாங்க. ஏறினவங்களும் அழுவாங்க, ஏத்தி விட வந்தவங்களும் அழுவாங்க" என்றார். ஏற்றிவிட வந்தவர்களில் அவர் தம்பியும் ஒருவர். தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். விண்ணப்பம் தனித்தனி, முடிவும் தனித்தனி.

இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்கே கொண்டுபோகப்பட்டனர். முன்பு போகிறவர்களை நிறுத்திய முகாம் இப்போது வருகிறவர்களை ஏற்றது. அங்கே தந்த குடும்ப அட்டையையும் கடவுச்சீட்டையும் மூதாட்டி தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். சீட்டில் பெயரும் பிறந்த நாளும் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டே முத்திரைகள்.

சீட்டைச் சோதிக்கும் இலக்கம்

மாணவர் தம் மாமாவின் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அதன் அடியில், மூதாட்டியின் சீட்டில் இல்லாத இரண்டு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 44 குறிகள். பெயர், சீட்டு எண், நாடு, பிறந்த நாள், காலாவதி நாள் எல்லாம் அதில் அடக்கம். 1980இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு இம்முறையை வகுத்தது. நமது கணக்கில் ஒரு நிமிடம் எடுத்த வேலையைப் பொறி சில நொடிகளில் முடிப்பது இவ்வரிகளால்தான்.

பொறி தவறாகப் படித்துவிட்டால்? அதற்காக ஒவ்வொரு முக்கிய எண்ணுக்கும் பின்னால் ஒரு சோதனை இலக்கம் வைத்திருக்கிறார்கள். நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிறந்த நாள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக எழுதப்படும். தனுஷ்கோடியைப் புயல் அழித்த இரவில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 22 என்பது 641222. இவ்விலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்க வேண்டும். 42, 12, 1, 14, 6, 2. கூட்டினால் 77. அதன் கடைசி இலக்கமாகிய 7தான் சோதனை இலக்கம். இப்போது பொறி 1ஐ 7 என்று படித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 647222க்குக் கூட்டுத்தொகை 83. கடைசி இலக்கம் 3. எழுதியிருப்பதோ 7. உடனே தவறு தெரிந்துவிடும். 7, 3, 1 ஆகிய மூன்றுக்கும் 10க்கும் 1ஐத் தவிரப் பொது வகுஎண் இல்லாததால், ஓர் இலக்கம் மட்டும் மாறினால் இச்சோதனையிலிருந்து தப்பவே முடியாது. பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் அகப்படும். அவற்றின் வேறுபாடு 5 ஆக இருந்தால் மட்டும் தப்பிவிடும். 61ஐயும் 16ஐயும் போட்டுப் பாருங்கள்.

கையால் எழுதிய சீட்டுகளைப் பன்னாட்டுப் பயணத்துக்கு ஏற்பது 2015 நவம்பர் 24உடன் முடிந்தது. ஷெங்கன் கூட்டத்தின் வெளி எல்லையில் முத்திரைக்கும் விடை கொடுக்கிறார்கள். 2025 அக்டோபர் முதல், குறுகிய காலம் தங்க வரும் அயல்நாட்டவரின் முகமும் விரல்ரேகையும் அங்கே பதிவு செய்யப்படுகின்றன.

தனுஷ்கோடி 1964இல் அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில் இலங்கைப் போரால் அதுவும் நின்றது. தலைமன்னாருக்கு 2015இல் மீண்டும் இரயில் வந்தது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இரு பக்கமும் தண்டவாளம் கடலருகே வந்துவிட்டது, நடுவில் கப்பல்தான் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஒரு கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் நிற்பதுண்டு. அதிலும் பழைய முறைதான்: நாகையில் ஒரு முத்திரை, காங்கேசன்துறையில் ஒரு முத்திரை.

"அங்கயிருந்து அட்டன் எம்புட்டு தூரம்?" என்று மூதாட்டி கேட்டார். யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெற்கே இரயிலிலோ பேருந்திலோ ஒரு முழு நாள் போக வேண்டும் என்றோம். தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். ஐம்பது ஆண்டுகளாகக் கடிதமும், இப்போது கைப்பேசியும்தான்.

அதற்குப் புதிய கடவுச்சீட்டு வேண்டும். பழையதையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கிப்போய் விண்ணப்பிக்க வேண்டும். "நான் எழுதித் தரேன் ஆயா" என்று மாணவர் படிவத்தைக் கைப்பேசியில் திறந்தார். பிறந்த நாளைக் கேட்டு வாங்கியவர், முதலில் அதற்குச் சோதனை இலக்கம் போட்டுப் பார்த்தார்.